மெட்ஸ் யாங்கீஸை முந்தியதா? உங்கள் அட்டவணை சரிதான்

வணக்கம் நண்பரே. நியூயார்க்கின் இரண்டு பேஸ்பால் அணிகளுக்கு நீங்கள் போட்ட அட்டவணையில், 1964 முதல் 1975 வரை சொந்த மைதான ஆட்டங்களுக்கு வந்த கூட்டத்தில் மெட்ஸ் ஒவ்வொரு வருஷமும் யாங்கீஸை முந்துகிறதே, தரவில் பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை. 1964-இல் மெட்ஸுக்கு ஷே ஸ்டேடியம் புதுசாகக் கிடைத்தது, அடுத்த வருஷமே யாங்கீஸ் சரியத் தொடங்கியது. 1972-இல் யாங்கீஸுக்குப் பத்து லட்சம் பேர்கூட வரவில்லை, மெட்ஸுக்கு 21 லட்சத்துக்கு மேல். இன்னொரு வேடிக்கை: தங்கள் மைதானத்தைப் புதுப்பித்ததால் 1974, 75-இல் யாங்கீஸும் ஷேயில்தான் குடியிருந்தார்கள். அந்த இரண்டு வரிசைகளுக்கும் ஒரு குறிப்பு போட்டுவிடுங்கள்.

1976-இல் யாங்கீஸுக்குப் புதுப்பித்த மைதானம், கூடவே லீக் பட்டம், நிலைமை தலைகீழ். 1979-இல் மெட்ஸுக்கு எட்டு லட்சத்துக்கும் குறைவு, யாங்கீஸுக்கு 25 லட்சத்துக்கும் அதிகம்.

ஆனால் உங்கள் அட்டவணையில் நிஜமான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1993-க்கு முன்பு மெட்ஸ் ஆடும் நேஷனல் லீக் வாசலில் நுழைந்த தலைகளை எண்ணியது; யாங்கீஸ் ஆடும் அமெரிக்கன் லீக் விற்ற டிக்கெட்டை எண்ணியது. மழைக்குப் பயந்து வீட்டிலேயே இருந்தவரும் யாங்கீஸ் கணக்கில் உண்டு, மெட்ஸ் கணக்கில் இல்லை. ஆக, அந்தப் பன்னிரண்டு வருஷங்களில் இரு அணிகளுக்கும் இருந்த வித்தியாசம் நீங்கள் பார்ப்பதைவிடப் பெரியதாகவே இருந்திருக்கும்.

1981, 1994, 1995 வேலைநிறுத்த வருஷங்கள். மொத்தத்தை விட்டு ஆட்டத்துக்குச் சராசரி போடுங்கள். 2020-ஐத் தூக்கிவிடுங்கள், அரங்கில் யாருமே இல்லை.