வெங்காயம் மட்டும்தானா?

கேள்வி: செர்பியா போய்வந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர், பெல்கிரேடின் ஸ்கடார்லியா தெருவில் மூன்று இரவு சாப்பிட்ட அனுபவத்தை எழுதியிருக்கிறார். “காலையில் சாராயம், மதியம் இறைச்சி, இரவு மேலும் இறைச்சி. கண்ணில் பட்ட ஒரே காய்கறி வெங்காயம்” என்கிறார். உண்மையா? சைவம் சாப்பிடும் நான் போனால் பட்டினிதானா?
– வாசகி, திருப்பூர்

பதில்: அவர் பொய் சொல்லவில்லை. ஸ்கடார்லியா கல் பாவிய பழைய தெரு. வாத்தியக் குழு மேசை மேசையாக வந்து வாசிக்கும். தட்டில் விரல் நீளத்துக்குச் சுட்ட கொத்திறைச்சி, செவாப்பி என்பார்கள், பக்கத்தில் நறுக்கிய வெங்காயம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் அவர் பார்த்தது விருந்தாளிக்கு வைத்த பானை.

வீட்டுப் பானையை ஆள்வது காலண்டர். செர்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் புனிதர் உண்டு. நம் குலதெய்வம் போலத் தந்தை வழியில் வருபவர். அவருடைய நாள்தான் அந்த வீட்டின் ‘ஸ்லாவா’. யாரையும் அழைக்கமாட்டார்கள், வரவேண்டியவர்கள் தாமாக வருவார்கள். நுழைந்ததும், வேகவைத்து அரைத்த கோதுமையில் சர்க்கரையும் வால்நட்டும் கலந்ததை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்ட பிறகே மற்றது. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய வழக்கம் இது.

மிகப் பல குடும்பங்களின் ஸ்லாவா புனித நிக்கோலஸுக்கு, டிசம்பர் 19 அன்று. அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலத்தில் விழுகிறது. ஆகவே நோன்பை மதிக்கும் வீட்டில் அன்று இறைச்சி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. இறைச்சி நாடு என்று நம் பயணி முத்திரை குத்திய தேசத்தில் ஆண்டின் பெரிய குடும்ப விருந்து இப்படி நடக்கிறது! மீன் மட்டும் உண்டு. அதை நீங்கள் ஒதுக்கிவிடலாம்.

நீங்கள் கற்க வேண்டிய சொல் ‘போஸ்னோ’, நோன்புச் சாப்பாடு. பேக்கரியில் கேட்டாலும் புரியும். “மீனும் வேண்டாம்” என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பாலும் முட்டையும் ஆகுமென்றால் கவலையே இல்லை. மெல்லிய மாவு அடுக்குகளுக்கிடையே பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட கிபானிட்சா இருக்கிறது, பாலேட்டை உப்பிட்டு அடுக்கிய கைமாக் இருக்கிறது.

முடிந்தால் செப்டம்பர் கடைசியில் போங்கள். அது ஆய்வார் கிளறும் பருவம். கொம்பு போல நீண்ட சிவப்புக் குடைமிளகாயைத் தோல் கருகும்வரை சுட்டு, மூடி வேர்க்கவிட்டு, தோலை உரித்து, அரைத்து, எண்ணெய் விட்டு அகன்ற பாத்திரத்தில் மணிக்கணக்காகக் கிளறுவார்கள். கரண்டி போன தடத்தில் பாத்திரத்தின் அடி தெரிந்து, உடனே மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம். ஒரு குளிர்காலத்துக்கான ஜாடிகள் அன்றே நிரம்பும். இது பயணியின் கண்ணில் படவில்லை. கரண்டி பிடிக்கும் வீட்டுக்குள் அவர் போகவில்லையே.

சாராயம் பற்றி: ராக்கியா பழத்திலிருந்து வடிப்பது, பெரும்பாலும் ப்ளம் பழம். ப்ளம் ராக்கியா வடிக்கும் மரபு 2022-இல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது. எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து “ஷிவெலி” என்று சொல்லி, துளித்துளியாகக் குடிக்க வேண்டியது. ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுத் தலைவலி என்று புலம்பும் பயணிகளை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

வெங்காயம் பற்றிய அவர் கேலியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பிரெபிரானாட்ஸ் என்று ஒரு பதார்த்தம்: வெள்ளை பீன்ஸ், அதற்குச் சற்றும் குறையாத வெங்காயம், சிவப்பு மிளகாய்த் தூள், எண்ணெய், மண்சட்டியில் வைத்து அடுப்பில் சுடுவது. ஆர்டர் செய்யும்போது பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.