விளிம்பு மட்டும் ஏன் வெளுத்தது?

கேள்வி: அருங்காட்சியகம் ஒன்றில் இரத்தச் சிவப்பில் ஒரு பழைய சீனப் பூச்சாடியைப் பார்த்தேன். வாய் விளிம்பு மட்டும் வெள்ளையாக இருந்தது. துடைத்துத் துடைத்துத் தேய்ந்துவிட்டதா?

பதில்: துடைப்பவர்மேல் பழி போடாதீர்கள்! சூளையிலிருந்து வரும்போதே விளிம்பு அப்படித்தான் இருந்திருக்கும். காங்சி பேரரசர் காலத்தில் (1662–1722) பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேசென் ஊரின் சூளைகளைக் கவனித்த ஆளுநர் லாங் டிங்ஜியின் பெயரால் இந்த நிறத்தை 'லாங் சிவப்பு' என்பார்கள். மெருகுப் பூச்சில் கலப்பது துளி செம்பு. நூற்றில் ஒரு பங்குகூட வராது. காற்றைக் குறைத்துப் புகையும் நெருப்பில் சுட்டால்தான் செம்பு சிவக்கும். காற்று கூடினால் பச்சை பாய்ந்துவிடும். சுமார் 1,300 டிகிரி செல்சியஸில் பூச்சு உருகிப் பாகுபோல் வழியும். விளிம்பில் மெலிந்து நிறம் போய்விடும். கீழே திரண்ட இடத்தில் சிவப்பு ஆழ்ந்து கறுக்கும்.

எனக்குப் பிடித்தது அடிப்பகுதிதான். அவ்வளவு வழிந்த பூச்சு, அடிவளையத்தை எட்டுமுன் கச்சிதமாக நின்றிருக்கும். அந்தக் கைத்திறன் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. பிற்காலச் சாடிகள் பலவற்றில் பூச்சு கீழே ஓடியிருக்கும். அதை அரைத்துச் சமன்செய்த தடம் தெரியும். அடுத்த முறை குனிந்து பாருங்கள், காவலாளி முறைக்காவிட்டால்.