மாமாவின் குடலிறக்கத்துக்கு பாலிசி எடுத்துவிட்டுக் காத்திருக்கலாமா?

கேள்வி: என் தாய்மாமாவுக்கு 67 வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு எங்களை வளர்த்தவர் அவர்தான். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறார். ஒன்றரை வருடமாக அடிவயிற்றில் வலப்பக்கம் குடலிறக்கம். படுத்தால் உள்ளே போய்விடும். இப்போது பால் வாளியைத் தூக்கும்போது வலிக்கிறது என்கிறார். ஒரு தனியார் மருத்துவமனையில் கீறிச் செய்யும் ஆபரேஷனுக்கு 70,000 ரூபாய், லேப்ராஸ்கோப்பிக்கு 1,15,000 ரூபாய் சொன்னார்கள். தெரிந்த ஏஜென்ட் ஒருவர், வருடம் 28,000 கட்டி பாலிசி எடுத்துவிட்டு, கொஞ்ச காலம் பெல்ட் போட்டுச் சமாளித்தால் அப்புறம் கிளெய்மில் முடித்துக்கொள்ளலாம் என்கிறார். மாமாவோ, "இந்த வயசுல கத்தி எதுக்கு மக்களே?" என்கிறார். அவர் பெயரில் கூட்டுறவு வங்கியில் 2,50,000 டெபாசிட் இருக்கிறது. அதை உடைக்கவா, என் நகையை அடகு வைக்கவா, ஏஜென்ட் சொல்வதைக் கேட்கவா?
வாசகி, தக்கலை

பதில்: ஏஜென்ட் யோசனையை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம்.

பாலிசி எடுக்கும் முன்பே இருக்கிற நோய்க்கு, கம்பெனியைப் பொறுத்து மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். 2024-க்கு முன் இது நான்கு வருடமாக இருந்தது. மூன்று வருடப் பிரீமியம் 84,000. எழுபதாயிரம் ரூபாய் ஆபரேஷனுக்கு 84,000 கட்டிக் காத்திருப்பது என்ன கணக்கு? அதுவும் பிரீமியம் ஏறாமல் இருந்தால்தான். "நோயைச் சொல்லாமல் எடுத்தால் சீக்கிரம் கிடைக்குமே" என்று அவர் அடுத்துச் சொல்லக்கூடும். என்னிடம் வந்த ஒரு குடும்பம் அப்படித்தான் செய்தது. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனபோது டாக்டர் கேட்க, பெரியவர் வெள்ளந்தியாக "ரெண்டு வருஷமா இருக்கு டாக்டர்" என்றார். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறியது, கிளெய்ம் போயிற்று, பாலிசியும் போயிற்று. மற்ற நோய்களுக்காக மாமாவுக்கு ஒரு பாலிசி வேண்டுமா என்பது தனிக் கேள்வி. குடலிறக்கத்துக்காக வேண்டாம்.

அடுத்து, மாமா கேட்கிற கேள்வி. அது பிடிவாதம் இல்லை, நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை. ஆனால் இதில் பணக் கணக்கும் உடம்புக் கணக்கும் பின்னிக் கிடப்பதால் ஒன்றைச் சொல்கிறேன். வட அமெரிக்காவில் குடலிறக்கத்தால் அதிகத் தொந்தரவு இல்லாத சுமார் 720 ஆண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன் செய்து, மறு பாதியை ஆபரேஷன் இல்லாமல் கவனித்துவந்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது. காத்திருந்தவர்களில் குடல் சிக்கி அவசரமானது ஆண்டுக்கு ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஆகவே "உடனே வெட்டாவிட்டால் உயிர் போய்விடும்" என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனால் அதே ஆட்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, 65 வயதைத் தாண்டியவர்களில் ஐந்தில் நான்கு பேர் கடைசியில் ஆபரேஷனுக்கே வந்திருந்தார்கள். பெரும்பாலும் வலி தாங்காமல்.

பணம் பார்க்கிற என் கண்ணுக்கு இதன் அர்த்தம் ஒன்றுதான்: காத்திருப்பதால் பெரும்பாலானோருக்கு இந்தச் செலவு மிச்சமாவதில்லை, தள்ளித்தான் போகிறது. தள்ளிப்போகும்போது வயதும் ஏறுகிறது. மாமாவுக்கு வலி தொடங்கிவிட்டது, வேலையோ வாளி தூக்குகிற வேலை. சர்ஜன் சரி என்றால் திட்டமிட்டுச் செய்துகொள்வதே நல்லது என்பது என் எண்ணம். வயதுதான் பயம் என்றால், கீறிச் செய்யும் ஆபரேஷனை அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே முடிக்க முடியும் என்பதை மாமாவிடம் சொல்லுங்கள். லேப்ராஸ்கோப்பிக்குப் பொதுவாக முழு மயக்கம் வேண்டும். 45,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அதை வாங்க வேண்டுமா என்று சர்ஜனிடமே கேளுங்கள். இரண்டு பக்கமும் இறக்கம் இருந்தால் பதில் மாறலாம். பீடி, இருமல், முக்கிச் சிறுநீர் கழிப்பது இதெல்லாம் இருந்தால் முதலில் அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தைத்த இடம் மறுபடி விட்டுக்கொடுத்து, இரண்டாவது பில் வரும்.

70,000 என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இலவச வழியைப் பாருங்கள். குடலிறக்க ஆபரேஷன் அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக நடப்பது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு முறை சர்ஜரி ஓ.பி.யில் காட்டிவிடுங்கள். இரண்டாவது அபிப்பிராயமும் ஆச்சு. மாமாவின் ரேஷன் கார்டு தனியாக இருக்கிறதா? அப்படியானால் அவர் வருமானம் மட்டும்தான் கணக்கு. ஆண்டுக்கு 1,20,000-க்குள் என்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பதியலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ஆனால் இந்த ஆபரேஷனை அங்கே செய்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வரம்பே பார்க்காமல் 70 வயதானவர்களுக்கு என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தது. அதற்கு மாமாவுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

தனியாரில்தான் என்று முடிவானால், நகையைத் தொட வேண்டாம். டெபாசிட்டையும் உடைக்க வேண்டாம், அதன் பேரில் கடன் வாங்குங்கள். டெபாசிட் வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல் என்று வைத்தாலும், டெபாசிட் பக்கம் வட்டி ஓடிக்கொண்டே இருப்பதால் 70,000-க்கு ஆறு மாதத்தில் கையைக் கடிப்பது 700 ரூபாய்தான். நீங்களே கட்டுவதாக இருந்தால் மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுங்கள். வருமான வரிச் சட்டத்தில் ஒரு வேடிக்கை: தாய்மாமா மருமகளுக்குக் கொடுத்தால் அது உறவினர் தந்த பணம், வரி இல்லை. மருமகள் மாமாவுக்குக் கொடுத்தால் சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் அவர் இல்லை, வருடம் 50,000-ஐத் தாண்டினால் அவர் வருமானமாகிவிடும். நம் ஊரில் சீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தவர்தான் எழுதியிருப்பார் போல! மருத்துவச் செலவுக்கான வரிக் கழிவும் நமக்கு, கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் இவர்களுக்குத்தான் உண்டு, மாமாவுக்குக் கிடையாது.

ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டில் இல்லாத ஒரு செலவு, மாமாவின் கூலி. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம், ஒன்றரை மாதம் பாரம் தூக்கக் கூடாது என்பார்கள். எப்படியும் இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும் வரை மரத்துக்கு வெட்டு நிற்கும். அந்த நாட்களில் ஆபரேஷனை வைத்துக்கொண்டால் கூலி நஷ்டம் பாதியாவது குறையும். சர்ஜனிடம் தேதி கேட்கும்போது இதைச் சொல்லுங்கள்.

அதுவரை ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். வீக்கம் படுத்தும் உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகினாலோ, நிறம் மாறினாலோ, வாந்தி வந்தாலோ, காற்றுப் பிரியாமல் போனாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். பாதி ராத்திரி என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மாமாவோடு தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், விடியுமுன் அவர் பக்கத்தில் இருப்பது அவர்கள்தானே.