வாசகர் கேள்வி பதில்: பெட்ஃபோர்டு நகரின் நினைவு வளைவு

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மகன், வர்ஜீனியா மாநிலத்துப் பெட்ஃபோர்டு என்னும் சிற்றூரில் உள்ள போர் நினைவகத்துக்கு என்னை அழைத்துச் சென்றான். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் வசமிருந்த பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாடுகள் நடத்திய படையிறக்கத்துக்கான தேசிய நினைவகத்தைத் தலைநகரில் அமைக்காமல் அவ்வளவு சிறிய ஊரில் அமைத்தது ஏன்?
— ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த ஊர் இழந்தவர்களின் எண்ணிக்கைதான் காரணம். 1944இல் பெட்ஃபோர்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,200. அவ்வாண்டு ஜூன் 6 அன்று ஒரே நாளில் அவ்வூர் இளைஞர்களில் குறைந்தது 19 பேர் நார்மண்டியின் ஓமாஹா கடற்கரையில் மாண்டனர். பொருளாதார மந்தக் காலத்தில் சிறு ஊதியத்துக்காகவும், நண்பர்கள் சேர்கிறார்களே என்பதற்காகவும் தேவைப்பட்டால் போருக்கு அழைக்கப்படும் பகுதிநேரப் படையான மாநிலக் காவற்படையில் சேர்ந்தவர்கள் அவர்கள். ஊர்வாரியாக ஆள் சேர்ப்பதே அப்படையின் வழக்கம் என்பதால், ஒரே தெருவில் வளர்ந்தவர்களும் உடன்பிறந்தவர்களும் 116ஆம் காலாட்படை ரெஜிமென்ட் என்னும் படைப்பிரிவின் உட்பிரிவான ஏ கம்பெனியிலேயே இருந்தனர். அந்தக் கம்பெனியோ காலை ஆறரை மணியளவில் முதல் அலையிலேயே கரையிறக்கப்பட்டது. மேகமூட்டத்தால் விமானங்கள் வீசிய குண்டுகள் கரையைத் தாண்டி உள்ளே விழுந்திருந்தன. ஜெர்மானியரின் பதுங்கரண்கள் பெரும்பாலும் சேதமின்றி நின்றன. சில நிமிடங்களில் கம்பெனி குலைந்தது.

ஊருக்குச் செய்தி எட்ட ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. ஜூலை நடுப்பகுதியில், மருந்துக்கடை ஒன்றில் இருந்த தந்தி இயந்திரத்தில் மரணச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஹோபேக் குடும்பத்தின் இரு மகன்களைப் பற்றிய தந்திகள் அடுத்தடுத்து வந்தன: மூத்தவர் பெட்ஃபோர்டு (ஊரின் பெயரே அவர் பெயரும்) இறந்துவிட்டார், இளையவர் ரேமண்டைக் காணவில்லை. ரேமண்டின் உடல் கிடைக்கவே இல்லை. அவருடைய பைபிளை மட்டும் கடற்கரையில் கண்டெடுத்த ஒரு படைவீரர், அதை அவருடைய தாயாருக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தார். இதைப் படித்த நாள் முதல் அந்தத் தாயை என்னால் மறக்க முடியவில்லை.

கேள்வி: உயிரோடிருக்கும் முன்னாள் வீரர்களுக்கு உதவுவதை விட்டுவிட்டுக் கல்லுக்கும் வெண்கலத்துக்கும் செலவிடுவது முறையா?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: முன்னாள் வீரர்களின் மருத்துவமும் ஓய்வூதியமும் ஓர் அரசு தட்டிக்கழிக்கவே கூடாத கடமை என்பதில் தங்களோடு உடன்படுகிறேன். ஆனால் பெட்ஃபோர்டு நினைவகம் எழ முன்னின்று உழைத்தவரே ஒரு முன்னாள் வீரர்தாம். அருகிலுள்ள ரோனோக் நகரத்தவரான பாப் ஸ்லாட்டர், அதே ரெஜிமென்டின் டி கம்பெனி வீரராக அதே கரையில் இறங்கி உயிர் பிழைத்தவர். அவரும் தோழர்களும் கேட்டது தங்களுக்கான சலுகையன்று. திரும்பி வராதவர்களின் பெயர்கள் நிலைக்க ஓர் இடம்.

2001 ஜூன் 6 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அதனைத் திறந்துவைத்தார். அதன் வளைவு 44 அடி 6 அங்குல உயரம். 1944ஆம் ஆண்டின் ஆறாம் மாதம் ஆறாம் நாளை நினைவூட்டும் அளவு அது. வீரர் சிலைகளைச் சுற்றியுள்ள நீர்த்தடாகத்தில், துப்பாக்கிக் குண்டுகள் விழுவதைப் போல் அவ்வப்போது நீர் சீறித் தெறிக்கிறது. சுவர்களில் அமெரிக்கர் மட்டுமன்றி நேச நாடுகள் பலவற்றின் வீரர்களுமாக, அன்று இறந்த 4,400க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் வெண்கலத் தகடுகளில் உள்ளன.

மூத்த ஹோபேக்கின் கல்லறை பிரான்சில் இருக்கிறது. இளையவருக்குக் கல்லறையே இல்லை. சொந்த ஊரில் அவ்விருவர் பெயர்களையும் உறவினர் விரலால் தொட்டுப் பார்க்க முடிவது இத்தகைய கல்லிலும் வெண்கலத்திலும்தான்.