வாடிப்போகும் பூசணிக் கொடிக்கு என்ன மருந்து ஊற்றலாம்?

மூன்று கொடிகளில் ஒன்று பிஞ்சு விட்ட நேரத்தில் பட்டுப்போய்விட்டது, மண்ணில் பூஞ்சை என்கிறார்கள், என்ன மருந்து ஊற்றினால் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக அந்தப் பட்ட கொடிக்கே இன்னும் எதையாவது கலக்கி ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அடித்தண்டு அழுகின பிறகு தண்ணீர் மேலே ஏற வழியே இல்லை. அதைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் மற்ற இரண்டுக்கும் நீங்கள் செய்யும் முதல் வைத்தியம்.

நான் கோபி பக்கம். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அரசாணி போடுவது (பூசணியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) மாமியார் காலத்திலிருந்தே உண்டு. ஒரு வருஷம் நல்ல மழை பெய்து, பின்னால் வெயில் அடித்தது. காலையில் தெளிவாக நின்ற கொடி மத்தியானம் இலை தொங்கியது, சாயங்காலம் நிமிர்ந்தது. சில நாளில் நிமிரவே இல்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் "தண்ணி பத்தல" என்றார்கள். மாமியார் குடத்தோடு வந்துவிட்டார். "அத்தை, ஊத்தாதீங்க, அடியப் பாருங்க" என்று மூடாக்கை (மண்மேல் பரப்பின வைக்கோல், சருகை) விலக்கிக் காட்டினேன். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளை நூல் நூலாகப் படர்ந்து பக்கத்து மண்ணுக்கும் ஓடியிருந்தது. அதன்மேல் கடுகு போலச் சின்னச் சின்ன உருண்டைகள். புதிதாக வந்தவை வெள்ளையாகவும் முற்றினவை பழுப்பாகவும் இருந்தன. இந்த மண் பூஞ்சையின் பெயர் ஸ்கிளிரோஷியம் ரோல்ஃப்சி. நிலக்கடலை, தக்காளி, மிளகாய் எதையும் விடாது. அந்த உருண்டைகள் மேல்மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஈரமும் சூடும் சேர்ந்தால் முளைக்கும்.

உங்கள் கொடியில் இந்த உருண்டைகள் இல்லாமல், தண்டை நீளவாக்கில் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் அது ஃபியூசேரியம் என்ற வேறொரு பூஞ்சையால் வரும் வாடல். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் புழு. எதுவென்று பார்க்காமல் மருந்து வாங்காதீர்கள்.

நாங்கள் அந்தக் கொடியை வேரைச் சுற்றிய மண்ணோடு அள்ளி எரித்தோம். உரக்குழியில் போட்டால் நோயை நாமே வளர்த்த மாதிரி. அப்புறம் மண்ணில் மிச்சமிருக்கும் பூஞ்சை வெயில் சூட்டில் சாகட்டும் என்று, சித்திரையில் அந்த இடத்தைக் கொத்தி, கட்டி உடைத்து, நன்றாகத் தண்ணீர் விட்டு, கண்ணாடி மாதிரித் தெரியும் பாலித்தீன் தாளை விரித்து ஓரங்களை மண்ணில் புதைத்தோம். அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகும் எடுக்கவில்லை. 4 முதல் 6 வாரம் இருக்க வேண்டும். கறுப்புத் தாள் வேண்டாம், அது வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும். மண் சூடாவதற்குத் தெளிவான தாள்தான் சரி. ஈர மண்ணில் சூடு நன்றாக உள்ளே இறங்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, இஸ்ரேலில் காட்டான் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1976இல் வெளியிட்ட முறை.

அடுத்தது டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை, பொடியாக விற்பார்கள்) வாங்கப் போனேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் முதல் கேள்வி "எத்தனை ஏக்கர்?" இரண்டாவது கேள்வி "வீட்டுக்காரர் வரலையா?" கொல்லைக்கு என்றதும் முகம் மாறி, அலமாரி மூலையில் வெயில் படும் இடத்திலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டார். தேதி எப்போதோ முடிந்திருந்தது. திருப்பிக் கொடுத்ததற்கு, "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்கிறார். ஒன்று இல்லை. அது உயிருள்ள பூஞ்சை, டால்க் பொடியில் சில மாதங்களிலேயே வீரியம் குறையும். விவசாயம் செய்கிற பெண்ணிடம், அது பத்து ஏக்கரோ பத்துக் குழியோ, வீட்டுக்காரரைக் கேட்பது எந்த ஊர் நியாயம்? தோட்டத்தில் களை எடுப்பதும் தண்ணீர் கட்டுவதும் நாங்கள், மருந்து கேட்க மட்டும் ஆம்பளை வர வேண்டுமா? வேறு கடையில் புதுசாக வாங்கினேன்.

10 கிலோ மக்கிய தொழு உரத்துக்கு 100 கிராம் என்ற கணக்கில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடி, இரண்டு வாரம் வைத்து விதைக்கும் குழியில் போட்டோம். கூடவே ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. ஆடிப் பட்டத்தில் விதைக்கும்போது விதையிலும் அதே பொடியைப் புரட்டினோம். கொடி நன்றாக வந்தது. தாளின் ஓரம் இருந்த பக்கத்தில் மட்டும் ஒன்று போனது, ஓரங்களில் சூடு அவ்வளவு ஏறாது.

ரசாயனம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நாற்றிலேயே அழுகினால் காப்பர் ஆக்சிகுளோரைடு 1 லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம், தப்பில்லை. ஆனால் அதையும் டிரைக்கோடெர்மாவையும் ஒன்றாகப் போடாதீர்கள், இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள். நான் வேளாண்மை படித்தவளும் இல்லை. படித்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்வேன்.

இப்போது உங்கள் மீதி இரண்டு கொடிகள். அடித்தண்டை ஒட்டிய வைக்கோல், சருகு எல்லாவற்றையும் ஒரு முழம் தள்ளி ஒதுக்குங்கள். மக்காத குப்பைதான் அந்தப் பூஞ்சைக்குத் தீனி. தண்ணீரைத் தண்டில் படாமல் தள்ளி விடுங்கள். சாயங்காலமாக சூடோமோனாஸ் (நோயை அடக்கும் நல்ல பாக்டீரியா, இதுவும் பொடிதான்) 1 லிட்டருக்கு 10 கிராம் கலந்து அடியில் ஊற்றுங்கள். காய் மண்ணில் கிடந்தால் அடியில் ஓட்டுச்சில்லு வையுங்கள். இந்த அறுவடை முடிந்ததும் அங்கே சுரை, பீர்க்கு, தக்காளி எதுவும் வேண்டாம், ஒரு பட்டம் மக்காச்சோளம் போடுங்கள்.