பேட்டரிப் பட்டியல்

அன்புள்ள ஐயா,

சீன மின்கார்களுக்கு ஐரோப்பா போட்ட கூடுதல் வரியைச் சாடியிருந்தீர்கள். அரசாங்கமே கஜானாவைத் திறந்துவிட்டால் யார்தான் மலிவாக விற்க மாட்டார்கள்? எதிராளி அப்படி வரும்போது வரி போட்டுத் தடுப்பதில் என்ன தவறு?

க. ரா., சேலம்

அன்புள்ள க. ரா.,

கஜானாவைத் திறந்தது உண்மைதான். மின்வண்டிகளுக்குச் சீனா 2009இல் தொடங்கிய மானியம் 2022 முடியும்வரை ஓடியது. அதில் கைவைத்தவர்களும் உண்டு. 2016இல் சீன நிதி அமைச்சகமே ஐந்து மின்பஸ் நிறுவனங்களின் மோசடியை வெளியிட்டது. செய்து முடிக்காத பஸ்களுக்கும் காகிதத்தைக் காட்டி மானியம் வாங்கியிருக்கிறார்கள். தூர்வாராத ஏரிக்குப் பில் போடும் கலை நமக்கு மட்டும் சொந்தமில்லை போலும்.

ஆனால் பணத்தைவிட அதோடு வந்த நிபந்தனைதான் கெட்டியானது. 2015இல் பேட்டரி நிறுவனங்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். மானியம் வேண்டுமென்றால் அதிலுள்ள நிறுவனத்தின் பேட்டரியைத்தான் வண்டியில் பொருத்த வேண்டும் என்ற நிலை வந்தது. சீனாவிலேயே ஆலை வைத்திருந்த தென்கொரிய நிறுவனங்களான எல்ஜிக்கும் சாம்சங்குக்கும் அதில் இடமில்லை. மின்காரில் விலை கூடிய பாகமே பேட்டரிதான். 2019இல் அந்தப் பட்டியலைக் கைவிட்டபோது, 2011இல் பிறந்த சீன நிறுவனமான சிஏடிஎல் உலகின் மிகப் பெரிய பேட்டரி நிறுவனமாகியிருந்தது. இது நியாயமான ஆட்டமில்லை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

என் கோபம் ஐரோப்பாவின் மருந்தின் மேல். 2024 அக்டோபர் முடிவில், பழைய 10 சதவீதத்துக்கு மேல், சீனக் கார் நிறுவனங்களான பிஒய்டிக்கு 17, எஸ்ஏஐசிக்கு 35.3 சதவீதம் என்று வைத்தார்கள். ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ சீனக் கூட்டாளியோடு சீனாவில் செய்து கொண்டுவரும் ‘மினி’ என்ற பிராண்டு மின்காருக்கும் 20.7 விழுந்தது. பிஎம்டபிள்யூ ஐரோப்பிய நீதிமன்றத்துக்கே போய்விட்டது. ஜெர்மனி இந்த வரிக்கு எதிராக வாக்களித்தது.

அதே ஜெர்மனி தன் வீட்டில் செய்ததையும் பாருங்கள். 2024 முடியும்வரை தருவதாக இருந்த மின்கார் மானியத்தை 2023 டிசம்பர் 16, சனிக்கிழமை, நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையோடு விண்ணப்பம் முடிந்தது. காருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு டெலிவரிக்குக் காத்திருந்தவன் திங்கட்கிழமை என்ன செய்வான்? அடுத்த ஆண்டு அங்கே மின்கார் விற்பனை 27 சதவீதம் சரிந்தது.

அந்த டிசம்பரிலேயே, வரி வருவதற்கு முன்பே, ஐரோப்பாவுக்குள்ளேயே, ஹங்கேரியின் செகெட் நகரில் கார் ஆலை அமைக்கப்போவதாக பிஒய்டி அறிவித்துவிட்டது. அங்கே செய்யும் காருக்கு இந்த வரி கிடையாது.