வேலையை விட்டால்தான் முழுமனதா?

சகோதரரே, ஜெபிக்கும்போதுகூட அலுவலக நினைப்பே ஓடுகிறது, வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால்தான் தேவனை முழுமனதோடு நேசிக்க முடியுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு ராஜினாமா கொடுத்துவிடாதீர்கள். முழுநேரம் வேறு, முழுமனது வேறு.

வேதாகமத்தில் 2 நாளாகமம் 25-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். யூதாவின் ராஜாவான அமத்சியா கர்த்தருக்குச் செம்மையானதைத்தான் செய்தான், ஆனால் முழுமனதோடு அல்ல என்கிறது வசனம். இஸ்ரவேலிலிருந்து கூலிக்கு அழைத்த படையைத் திருப்பி அனுப்பிவிடும்படி தேவனுடைய மனுஷன் ஒருவன் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்படியானால் நான் கொடுத்த நூறு தாலந்து வெள்ளி?" என்பதுதான். கீழ்ப்படிந்தான், படையை அனுப்பினான், சரி. ஆனால் போரில் ஜெயித்துத் திரும்பியபோது ஏதோமியரின் விக்கிரகங்களைக் கொண்டுவந்து வணங்கினான். அவன் மனம் எங்கே பிளந்திருந்தது என்று அந்தக் கேள்வியே காட்டிக்கொடுத்துவிட்டது. நீங்களும் அங்கேதான் பார்க்க வேண்டும்: தேவன் கேட்டால் எதைக் கொடுக்க உங்களுக்குக் கை வராது? சம்பளமா, பேரா, பிள்ளைகளைப் பற்றிய திட்டமா?

"எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்" என்று கொலோசெயரில் பவுல் எழுதியது அடிமைகளுக்கு. வேலையை விடும் உரிமையே அவர்களுக்கு இல்லை.

ஜெபத்தில் நினைப்பு சிதறுவது எல்லோருக்கும் உள்ளதுதான் (போதகர்களுக்கும்!). வந்த அலுவலகக் கவலையை விரட்டாமல் அதையே ஜெபமாக்குங்கள். "என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்" என்று தாவீதே 86-ம் சங்கீதத்தில் கேட்டுத்தான் வாங்குகிறார். அப்புறமும் ஊழியத்துக்குப் போக வேண்டுமென்ற பாரம் குறையவில்லையென்றால் உங்கள் போதகரோடும் வீட்டாரோடும் பேசுங்கள்.